யூனியனுக்கு எந்த ஆப்? பாயான் லெப்பாஸ் கிளையிலிருந்து ஒரு கேள்வி

பாயான்_ஷிப்ட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். அண்மையில் எங்கள் கிளைச் செயலவையில் என்னைச் சேர்த்தார்கள். வயதில் சின்னவள், போன் நன்றாகத் தெரியும் என்று சோஷியல் மீடியா பொறுப்பையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். சும்மா பெயருக்குச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இப்போது எங்களிடம் ஒரே ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு இருக்கிறது. அதில் உறுப்பினர்கள், சேராதவர்கள், வேலையை விட்டுப் போனவர்கள், இரண்டு லைன் லீடர்கள், எல்லோரும் இருக்கிறார்கள். காலையில் பூப்படம் போட்ட வணக்கம், மத்தியானம் குவே விற்பனை, ராத்திரியில் அரசியல் வீடியோ. சம்பளப் பேச்சுவார்த்தை பற்றிச் செயலாளர் போட்ட செய்தி அதற்குள் எங்கேயோ புதைந்துவிட்டது. கூட்டத்துக்கு வராதவர்களைக் கேட்டால் "எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்கிறார்கள். ஒரு ஃபேஸ்புக் பக்கமும் உண்டு, ஆனால் அதன் கடவுச்சொல் முன்பு இருந்த ஒருவரோடு போய்விட்டது.

வேலை மூன்று ஷிப்ட். மலாய்க்காரர், தமிழர், சீனர், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே லைனில் நிற்கிறோம். ஆனால் காலை ஷிப்டில் இருப்பவர் இரவு ஷிப்டில் இருப்பவரைப் பார்ப்பதே இல்லை. எந்த ஆப் நல்லது? எதிலிருந்து தொடங்குவது? ஹெச்.ஆர். கண்ணில் படாமல் உறுப்பினர்களைக் காப்பது எப்படி?

பிறை_சிஸ்டம் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் கணினித் துறையில் வேலை செய்கிறேன், எங்கள் யூனியனுக்கும் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறேன். ஒரே குழுவில் எல்லாவற்றையும் செய்யப் பார்ப்பதுதான் முதல் சிக்கல். அறிவிப்பு வேறு, அரட்டை வேறு, செயலவையின் உள்பேச்சு வேறு. மூன்றையும் பிரித்துவிடுங்கள்.

புலனத்தில் 2022 முதல் கம்யூனிட்டி என்ற வசதி இருக்கிறது. அதன் அறிவிப்புப் பகுதியில் அட்மின் மட்டுமே எழுத முடியும். அங்கே ஒருவர் எண்ணை இன்னொரு உறுப்பினர் பார்க்க முடியாது, அட்மின் மட்டும்தான் பார்ப்பார். சாதாரணக் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். உங்கள் குழுவில் இருக்கும் அந்த இரண்டு லைன் லீடர்கள் நினைத்தால் முழு எண் பட்டியலையும் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். இதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும்.

என் தனிப்பட்ட விருப்பம் டெலிகிராம். எண்ணை மறைத்துக்கொள்ளலாம், குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம், பழைய ஆவணங்களைத் தேடி எடுப்பது சுலபம். ஆனால் டெலிகிராமின் சாதாரணக் குழுக்களில் முழு மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத பாதுகாப்பு) கிடையாது. புலனத்தில் அது தானாகவே உண்டு. செயலவையின் உள்பேச்சுக்கு சிக்னல் வைத்துக்கொள்ளுங்கள், செய்திகள் குறிப்பிட்ட காலத்தில் தானாக அழியும்படி அமைக்கலாம்.

அட்மின் ஒருவராக இருக்கவே கூடாது. ஷிப்டுக்கு ஒருவர் வேண்டும். கடவுச்சொல் எழுதிய காகிதம் செயலாளரின் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். அட்மின்கள் எல்லோரும் இரட்டைச் சரிபார்ப்பை (கணக்கில் நுழைய இரண்டாவது குறியீடும் கேட்கும் வசதி) இன்றைக்கே போட்டுவிடுங்கள். யூனியன் வேலையைக் கம்பெனி வைஃபையிலோ கம்பெனி மின்னஞ்சலிலோ செய்யாதீர்கள்.

பழைய_செயலாளர் எழுதியது:

தங்கச்சிக்கு என் வாழ்த்து. ஓய்வு பெறும்வரை யூனியனிலேயே காலத்தைக் கழித்தவன் நான். எந்த ஆப் என்று கேட்கும் முன் வேறொரு கேள்வி இருக்கிறது. இரவு ஷிப்டில் ஒரு பெண்ணுக்கு மேற்பார்வையாளரால் தொல்லை என்றால், அவள் முதலில் யாரை அழைப்பாள்? அந்தப் பெயர் அவளுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் பத்து ஆப் வைத்தும் பயனில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். துரை வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள், கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். முன்னின்ற ஆர்.எச். நாதன் பத்திரிகைக்காரர். அவரைக் கைது செய்த செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவி வேலைநிறுத்தம் பெருகியது. பிறகு அவரை இந்தியாவுக்கே நாடு கடத்தினார்கள். அன்றைக்குத் தொழிலாளி கையில் போன் ஏது? தெரிந்த ஒருவர் வந்து சொன்னார், கேட்டவர் நம்பினார். அந்த நம்பிக்கை இல்லாமல் செய்தி மட்டும் போய் என்ன செய்யும்?

இன்றைக்குப் பிள்ளைகள் போனில் கட்டைவிரல் குறி போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு அது கவலையாக இருக்கிறது. மறியலுக்கு "வருகிறேன்" என்று போனில் சொல்பவர்கள் எல்லோரும் வெயிலில் வந்து நிற்பதில்லை.

சாலையோரம் எழுதியது:

ஐயா சொல்வதைப் பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி இல்லை. நான் ஜார்ஜ்டவுனில் உணவு டெலிவரி ஓட்டுகிறேன். எங்களுக்கு ஷிப்டும் இல்லை, கெண்டினும் இல்லை, ஒரே கேட் வழியாக உள்ளே போவதும் இல்லை. போன் இல்லையென்றால் நாங்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கவே முடியாது.

2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி நாடு முழுக்க டெலிவரி நிறுத்தத்துக்கு அழைப்பு வந்தது. அழைப்பு பரவியது எல்லாம் சமூக ஊடகத்தில்தான். அன்றைக்கு நாளிதழ்களில் எங்கள் பெயர் வந்தது, எங்கள் கமிஷன் எப்படிக் குறைகிறது என்று மக்கள் பேசினார்கள். ஆனால் மறுநாள் யார் போய்ப் பேச்சுவார்த்தையில் உட்காருவது? அதற்கு ஆள் இல்லை. குழுவுக்குள் ஆளுக்கொரு கோரிக்கை வைத்திருந்தோம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஜூலை 26ஆம் தேதி, ஒப்பந்த மருத்துவர்கள் வெளிநடப்புச் செய்ததை நினைத்துப் பாருங்கள். அதுவும் சமூக ஊடகத்தில் கட்டியதுதான். கோரிக்கையை ஒரே வரியில் சொல்ல முடிந்தது: நிரந்தர வேலை கொடு. அதனால் எல்லோருக்கும் புரிந்தது. ஆப்பைவிட அந்த ஒரு வரி முக்கியம் என்று நான் நம்புகிறேன். தங்கச்சி, உங்கள் கிளையின் ஒரு வரி என்ன?

பாயான்_ஷிப்ட் எழுதியது:

நன்றி அண்ணே. எங்கள் ஒரு வரி ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சம்பளக் கணக்கு. அடிப்படைச் சம்பளம் ஏறியும் ஓ.டி. ஏறவில்லை என்று பல பேர் சொல்கிறார்கள். ஆனால் யாருக்கும் கணக்குப் போடத் தெரியவில்லை, அதனால் தைரியமாகக் கேட்க முடியவில்லை.

மனு_எழுதுபவள் எழுதியது:

அப்படியானால் உன் முதல் வீடியோ அதுதான் தங்கச்சி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 65.38. நாளைக்கு 8 மணி நேர வேலை என்றால் ஒரு மணி நேரத்துக்கு 8.17. சாதாரண வேலை நாளில் ஓ.டி. ஒன்றரை மடங்கு, ஆக மணிக்கு 12 வெள்ளி 26 காசு. ஓய்வு நாளில் வழக்கமான நேரத்துக்கு மேல் செய்தால் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருப்பவர்களுக்கு இது சட்டப்படி உரிமை. உன் கையால் ஒரு தாளில் எழுதிக்காட்டி ஒரு நிமிட டிக்டாக்காகப் போடு. முகம் தெரிய வேண்டியதில்லை, கம்பெனி பெயரும் வேண்டாம். ஒவ்வொருவரும் தங்கள் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துப் பார்ப்பார்கள். உரிமை பற்றி நீளமாக எழுதும் பதிவைவிட இது வேலை செய்யும்.

இனி நான் எச்சரிக்க வேண்டியவை. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012இல் 114ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு பதிவில் ஒருவர் பெயர் உரிமையாளர், நிர்வாகி என்று இருந்தால், அதை வெளியிட்டவர் அவர்தான் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். அதனால் பக்கத்தின் அட்மினாக இருப்பது பெரிய பொறுப்பு. மேற்பார்வையாளரைப் பெயர் சொல்லித் திட்டும் கருத்து வந்தால் உடனே நீக்கு. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு வேறு இருக்கிறது. புண்படுத்தும் பதிவு என்று ஒருவர் புகார் செய்தால் போலீஸ் வரை போகும். "சம்பளச் சீட்டில் இந்தத் தொகை வரவில்லை" என்று எழுது, "திருடுகிறார்கள்" என்று எழுதாதே. முதலாவதை உன்னால் காட்ட முடியும்.

இன்னொன்று. புலனத்தில் வாக்கெடுப்புப் பொத்தான் இருக்கிறதே என்று வேலைநிறுத்த முடிவை அதில் எடுத்துவிடாதீர்கள். 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி அதற்கு இரகசிய வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். போனில் எடுத்த முடிவை வைத்து மறுநாள் வெளியே போய் நின்றால் யூனியனின் பதிவுக்கே ஆபத்து. கூட்டத்தைச் சனிக்கிழமை வைக்கலாமா ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா என்று கேட்கப் பொத்தான் போதும்.

செபராங்_ஜெயா_பையன் எழுதியது:

என் அம்மா அரசு மருத்துவமனையில் துப்புரவுப் பணி, குத்தகைக் கம்பெனியின் கீழ். டெலிகிராம், சிக்னல் எல்லாம் சரி, ஆனால் அம்மா போனில் இடமே இல்லை. தெரிந்தவர்கள் அனுப்பும் வீடியோவிலேயே நிரம்பிவிடுகிறது. இன்னொரு ஆப் இறக்கச் சொன்னால் "எதுக்குடா" என்பார். ப்ரீபெய்டு டேட்டா மாதக் கடைசியில் முடிந்துவிடும்.

மலாயில் நீளமாக வரும் அறிவிப்பை அம்மா படிப்பதில்லை. தமிழ் எழுத்தும் மெதுவாகத்தான் வரும். ஆனால் குரல் பதிவு வந்தால் பஸ்ஸில் காதில் வைத்துக் கேட்பார், கேட்டதைப் பக்கத்தில் உள்ளவருக்கும் சொல்வார். அவர் கூட வேலை செய்யும் அக்காமார் எல்லோரும் அப்படித்தான். ஒரு நிமிடத்துக்குள், யார் பேசுகிறேன் என்று சொல்லி ஆரம்பித்தால் போதும்.

2020 ஜூன் மாதம் ஈப்போவில் மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக மறியல் செய்த யூனியன்காரர்கள் ஐந்து பேரைக் கைது செய்தது நினைவிருக்கிறதா? கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம், கூட்டம் கூடத் தடை இருந்த நேரம். அந்தச் செய்தி அம்மாவுக்குப் போனில்தான் வந்தது. பயந்தார். ஆனால் "நம்மளுக்காகத்தானே நின்னாங்க" என்று சொல்லி அடுத்த மாதச் சந்தாவைப் பற்றி விசாரித்தார். அதனால் போன் வழியாக எதுவும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவைப் போன்றவர்கள் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு நீங்கள்தான் வர வேண்டும்.

பிறை_சிஸ்டம் எழுதியது:

தம்பி சொல்வது நியாயம். டெலிகிராம் என்று நான் சொன்னதைத் தொழில்நுட்ப விருப்பமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போக வேண்டும். தங்கச்சி, உங்கள் உறுப்பினர்களுக்குப் புலனம்தான். டெலிகிராமை ஆவணக் கிடங்காக மட்டும் வையுங்கள்: கூட்டு ஒப்பந்தத்தின் நகல், படிவங்கள், பழைய சுற்றறிக்கைகள்.

ஐயாவுக்கு ஒன்று. 2018இல் அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநில ஆசிரியர்கள் ஒரு மூடிய ஃபேஸ்புக் குழுவில்தான் பேசத் தொடங்கினார்கள். பிப்ரவரி 22இல் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடின. கடைசியில் ஐந்து விழுக்காடு ஊதிய உயர்வோடு திரும்பினார்கள். ஃபேஸ்புக் இல்லாமல் அந்த மலைப்பகுதி ஊர்களை யார் இணைத்திருப்பார்கள்?

பழைய_செயலாளர் எழுதியது:

அந்தச் செய்தியை நானும் படித்தேன் தம்பி. அவர்கள் பள்ளி பள்ளியாக உட்கார்ந்து பேசி வாக்கெடுத்தார்கள். பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். ஃபேஸ்புக் ஊர்களை இணைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளியிலும் அதை ஏந்திப் பிடிக்க ஓர் ஆள் இருந்தார். நியூயார்க்கில் 2022 ஏப்ரலில் அமேசான் கிடங்குத் தொழிலாளர்கள் 2,654 வாக்கு வாங்கி யூனியன் அமைத்தார்கள். அவர்களும் டிக்டாக், டெலிகிராம் எல்லாம் பயன்படுத்தினார்கள். அதோடு கிடங்குக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்குச் சாப்பாடு கொடுத்துப் பேசினார்கள். பாயான் லெப்பாஸில் கம்பெனி பஸ் நிற்கும் இடம் இல்லையா?

நான் சொல்வது இதுதான். பத்துப் பேருக்கு ஒரு பிரதிநிதி என்று வை. அந்தப் பத்துப் பேரும் ஒரே ஷிப்ட், ஒரே லைன். அறிவிப்பு போன் வழியாகப் போகட்டும். போன மறுநாள் அந்தப் பிரதிநிதி பத்துப் பேரிடமும் நேரில் "பார்த்தாயா, என்ன நினைக்கிறாய்" என்று கேட்க வேண்டும். நீல டிக் விழுந்ததை வைத்து ஒருவர் மனதைச் சொல்ல முடியாது. கேட்ட பதிலைச் செயலவைக்குக் கொண்டுவர வேண்டும். இப்படிச் செய்தால் போன் எனக்குச் சம்மதம்.

இந்தப் பகுதியின் வரலாற்றையும் தெரிந்துகொள் தங்கச்சி. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வந்த காலத்திலிருந்து, மின்னணுத் தொழிலாளர்கள் நாடு தழுவிய ஒரு யூனியன் வைக்க அனுமதி கிடைக்கவில்லை. வட்டார அளவில் அமைக்கலாம் என்று விட்டதே 2009இல்தான். அத்தனை ஆண்டு காத்திருந்து கிடைத்ததை ஒரு புலனக் குழுவின் சண்டையில் இழந்துவிடக் கூடாது.

மனு_எழுதுபவள் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2024 செப்டம்பர் 15 முதல் தொழிற்சங்கத் திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்து, ஒரே வேலையிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட யூனியன் இருக்கலாம் என்றாகிவிட்டது. இனி உறுப்பினர் தானாக உன்னிடமே இருப்பார் என்று நினைக்க முடியாது. பதில் சொல்லாத யூனியனை விட்டு இன்னொன்றுக்குப் போவார்கள். அதனால் குழுவில் யாராவது கேள்வி கேட்டால் ஒரு நாளைக்குள் பதில் போக வேண்டும், "செயலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றாவது.

உறுப்பினர் பட்டியலைக் கூகுள் படிவத்தில் திறந்து வைக்காதே. ஆர்வம் உள்ளவர்கள் பெயர் கொடுக்க ஒரு படிவம் வைக்கலாம், ஆனால் சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்கத் தொழிலாளியின் எழுத்து மூலமான வேண்டுகோள் வேண்டும். அதற்குக் காகிதமும் கையெழுத்தும்தான் நல்லது. உன் கிளையை முதலாளி இன்னும் யூனியனாக அங்கீகரிக்காத நிலை என்றால் பட்டியலை இன்னும் பத்திரமாக வை. அங்கீகாரக் கோரிக்கைக்கு முதலாளி 21 நாளில் பதில் தர வேண்டும். அந்த நாட்களில்தான் ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். யூனியனில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் வழக்கு முடியும்வரை வீட்டு வாடகை யார் கட்டுவது?

பாயான்_ஷிப்ட் எழுதியது:

அக்கா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. செயலவையில் இதையெல்லாம் வைத்தேன். பழைய குழுவை அரட்டைக்கு விட்டுவிட்டு, உறுப்பினர்களுக்கு மட்டும் புதுக் கம்யூனிட்டி தொடங்குகிறோம். கையெழுத்துப் போட்ட படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சேர்ப்போம். ஷிப்ட் பிரதிநிதிகளைப் பஸ் நிற்கும் இடத்தில் பேசித் தேடுகிறோம், இரவு ஷிப்டுக்கு ஓர் அக்கா ஒத்துக்கொண்டார்.

நேப்பாளத் தோழர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம். அவர்களும் உறுப்பினராகலாம், ஆனால் வேலை பெர்மிட் முதலாளி கையில். குழுவில் பெயர் தெரிந்தால் எங்களைவிட அவர்களுக்குத்தான் அடி. அவர்களில் ஒருவர் ஓ.டி. வீடியோவுக்கு நேப்பாளியில் குரல் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். குரலை அடையாளம் கண்டுபிடிப்பார்களா?

சாலையோரம் எழுதியது:

கண்டுபிடிக்கலாம். அந்தத் தோழரின் குரல் வேண்டாம். எழுத்தாகப் போடுங்கள், திரையில் நேப்பாளி வரிகள் ஓடட்டும். அவர் எழுதித் தரட்டும், பெயர் எங்கேயும் வேண்டாம். ஹாஸ்டலில் அவர்கள் தங்களுக்குள் போனை மாற்றி மாற்றிக் காட்டிக்கொள்வார்கள். அதுவே போதும்.

பாயான்_ஷிப்ட் எழுதியது:

சரி அண்ணே, அப்படியே செய்கிறோம். குழுவின் மேலே நிரந்தரமாக ஒட்டி வைக்க ஒரு செய்தி எழுதியிருக்கிறேன். திருத்துங்கள்:

"நிர்வாகம் விசாரணைக்குக் கூப்பிட்டால் பதற வேண்டாம். எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் ஷிப்ட் பிரதிநிதியை உடனே அழையுங்கள். வேலையிலிருந்து நீக்கினால் 60 நாளுக்குள் தொழிலுறவுத் துறையில் மனு கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், எச்சரிக்கைக் கடிதம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருங்கள்."

மனு_எழுதுபவள் எழுதியது:

நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம். 60 நாள் என்றால் சனி, ஞாயிறு, பெருநாள் எல்லாம் சேர்த்துத்தான் என்று போடு, வேலை நாள் என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நோட்டீஸ் கொடுத்து நீக்கினால் நோட்டீஸ் காலத்திலேயே மனு கொடுக்கலாம், கடைசிக் கெடு நோட்டீஸ் முடிந்ததிலிருந்து 60 நாள். அடுத்தது, வற்புறுத்தி ராஜினாமா எழுத வைத்தாலும் மனு கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர். என்னிடம் வருகிறவர்களில் பலர் "நான்தானே எழுதிக் கொடுத்தேன்" என்று காலம் கடந்த பிறகு வருகிறார்கள்.

பழைய_செயலாளர் எழுதியது:

பிரதிநிதிகளின் பெயரையும் அழைக்க வேண்டிய எண்ணையும் அந்தச் செய்தியில் போடாதே தங்கச்சி. யார் கையில் போகும் என்று தெரியாது. அதைப் பத்துப் பத்துப் பேராக நேரில் சொல்லுங்கள். மலாய், சீனம், நேப்பாளி மூன்றும் தயாரான பிறகு நான்கு மொழியையும் ஒரே நேரத்தில் போடு. தமிழ் மட்டும் முதலில் போனால் ஒரு தரப்புக்கு மட்டும் சொன்னார்கள் என்ற பேச்சு கெண்டினில் அன்றைக்கே கிளம்பிவிடும்.